பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? உப்புக்காற்று ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி என ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம் நெடுக அம்பாசடரோ பத்மினியோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ பழைய ஜீப்போ வைத்திருப்பவர்களுக்குப் பழகிய கோளாறு ஒன்று உண்டு. நேற்று மாலை நன்றாக ஓடிய வண்டி விடியற்காலையில் எடுக்காது. வெயில் ஏறிய பிறகு, யாரும் எதையும் தொடாமலே, முதல் செல்ஃபில் எடுத்துவிடும்.

காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே பிசுபிசுக்கும். தீப்பொறிக்கான உயர் வோல்டை உண்டாக்கும் காயிலின் தலை, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, பிளக்கின் பீங்கான் ஆகியவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு இரவில் ஈரமாகி மின்சாரத்தைக் கடத்துகிறது. பிளக்கின் முனைக்குப் போக வேண்டிய தீப்பொறி மூடியின் மேலேயே ஊர்ந்து வண்டியின் இரும்புக்குப் போய் எர்த் ஆகிவிடுகிறது. வெயிலில் காய்ந்தால் கடத்தாது. அதே உப்புதான் பேட்டரி டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவிலும், எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையின் அடியிலும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

இதனால் இந்தக் கடற்கரையில் கோளாறு தேடும் வரிசையே வேறு. பாகத்தைச் சந்தேகிப்பதற்கு முன் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். அளந்து பார்க்காமல் ஒரு பாகத்தையும் மாற்றக் கூடாது. முப்பது நாற்பது ஆண்டு உழைத்த அசல் காயிலையும், டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்த கண்டன்சரையும், அதற்குள் சுற்றும் ரோட்டரையும் கழற்றி எறிந்துவிட்டு, கடையில் கிடைக்கும் போலிப் பாகத்தைப் போடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அது உண்மையாகவே கெட்டுப்போகிறது. எறிந்த அசலைத் தேடி மதுரைக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் அலைந்தாலும் கிடைப்பதில்லை. பழைய வண்டிக்கு இதைவிடப் பெரிய கேடு வேறு இல்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். 12 வோல்ட் 5 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்த டெஸ்ட் லாம்ப் (இதற்கு எல்.இ.டி. பல்பு சரிவராது). ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), பாயின்ட் அரம் (பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), நைஸ் உப்புத்தாள், பிளக் ஸ்பேனர், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒன்றரை மீட்டர் ஒயர், கண்ணாடி பாட்டில் ஒன்று, ஆப்ப சோடா, வாசலின், சுத்தமான பருத்தித் துணி. கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் நல்லது. முதல் நாளே தேவைப்படாது.

தொடங்கும் முன் வண்டியின் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். கீழே நெகட்டிவ் எர்த் வண்டியை வைத்துச் சொல்கிறோம். உங்களுடையது பாசிட்டிவ் எர்த் என்றால் முனைகளை மாற்றிப் பொருத்திக்கொள்ளுங்கள். சில பழைய ஜீப்புகள் 6 வோல்ட். அவற்றுக்கு வோல்ட் எண்களைப் பாதியாக்குங்கள்.

கை பிரேக்கைப் போடுங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தீப்பொறி சோதிக்கும் இடத்தில் திறந்த பெட்ரோல் இருக்கக் கூடாது.

முதல் கேள்வி: சாவியைத் திருப்பினால் என்ன நடக்கிறது?

"ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதற்குள் ஐந்து வேறு கோளாறுகள் இருக்கின்றன. சத்தமே இல்லை, அல்லது ஒரே ஒரு "டக்". எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது. வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. பற்றி உடனே அணைகிறது. குளிர்ந்திருக்கும்போது எடுக்கிறது, சூடானால் எடுப்பதில்லை. முதல் இரண்டும் பேட்டரி, கேபிள், செல்ஃப் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது பெரும்பாலும் தீப்பொறி. நான்காவது பெரும்பாலும் பெட்ரோல். ஐந்தாவதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டு வையுங்கள். விளக்கு மங்காமல் எரிந்து செல்ஃபும் சுற்றாவிட்டால் மின்சாரம் செல்ஃபுக்குப் போகவில்லை: சாவி ஸ்விட்ச், சாலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரம் திறந்துவிடும் பெரிய ஸ்விட்ச்), அல்லது செல்ஃபின் கார்பன் பிரஷ். விளக்கு செத்துப்போனால் பேட்டரி காலி, அல்லது ஒரு டெர்மினல் பிடிக்கவில்லை.

பேட்டரியும் கேபிள்களும்

இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்டும் அதற்கு மேலும் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். 12.2-க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காமல் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். மெலிந்த பேட்டரியை வைத்து எடுக்கும் அளவுகள் எல்லாமே தப்பான பக்கம் கைகாட்டும்.

ஓய்வில் 12.6 காட்டுவதால் மட்டும் பேட்டரி நல்லது ஆகிவிடாது. காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சன்ன ஒயரைக் கழற்றிவிட்டு (எஞ்சின் பற்றாமல் இருக்க), மீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயத் தூண்களிலேயே வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது செல்ஃப் அளவுக்கு மீறி இழுக்கிறது.

அடுத்த சோதனையை இந்த ஊரில் யாரும் தவிர்க்கக் கூடாது. இதன் பெயர் வோல்டேஜ் டிராப். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது 150 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கலாம். ஒரு இணைப்பில் உப்பரிப்பால் வெறும் 0.01 ஓம் தடை கூடினாலும் அங்கேயே 1.5 வோல்ட் போய்விடும். 0.01 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பிடிக்கவே முடியாது; "கேபிள் நன்றாக இருக்கிறது" என்றுதான் அது சொல்லும். சுமை ஏற்றி வோல்ட் அளந்தால் மட்டுமே பிடிபடும்.

மீட்டரை வோல்டில் வைத்து, செல்ஃப் சுற்றும்போதே இந்த வரிசையில் அளவெடுங்கள். பேட்டரி பாசிட்டிவ் தூணுக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே: 0.5 வோல்டுக்குள் இருக்க வேண்டும். சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே: 0.2 முதல் 0.3-க்குள். பேட்டரி நெகட்டிவ் தூணுக்கும் எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய வெற்று இரும்புக்கும் இடையே: 0.3-க்குள். மூன்றில் எது கூடுதலோ அந்தப் பாதையில்தான் கோளாறு. கூடுதலாக இருக்கும் பாதையில் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டித் தாண்டி முனையை வைத்துக்கொண்டே போனால், வோல்ட் சட்டென்று மாறும் இடம் தெரியும். தூணுக்கும் கிளாம்புக்கும் நடுவில், கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவில், கேபிளின் கண்ணுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் என்று பிரித்துப் பாருங்கள்.

பெரும்பாலும் மூன்றாவது அளவு, அதாவது எர்த் பாதைதான் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால், பாடியில் இருந்து அதற்கு மின்சாரம் போக ஒரே வழி அந்தப் பின்னிய செம்புப் பட்டை. அது பச்சை பூத்து இற்றுப்போனால் மின்சாரம் வேறு வழி தேடும்: சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள். செல்ஃப் அடித்த உடனே சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அல்லது அதன் உறை உருகியிருந்தால், வேறு சாட்சி வேண்டாம், எர்த் பட்டை போய்விட்டது.

சுத்தம் செய்யும் முறை: எர்த் பக்கக் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து, டெர்மினல்களில் ஊற்றித் தேயுங்கள். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் அமிலம் கெடும். நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தின் கடலோரத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் எஞ்சினைக் கழுவுவது கோளாறைத் திரும்ப ஊற்றுவதற்குச் சமம். குடிக்கிற தண்ணீர் எதுவோ அதுவே வேண்டும். பேட்டரிக்குள் ஊற்றக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர் மட்டும்தான்.

காய்ந்த பின் தூணையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேயுங்கள். எர்த் பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்ட், துரு எல்லாவற்றையும் சுரண்டி வெற்று இரும்பு தெரியட்டும். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முடுக்குங்கள். முடுக்கிய பிறகே வெளிப்புறம் முழுக்க வாசலின் அல்லது கிரீஸ் பூசுங்கள்.

அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் "டக்" மட்டுமே கேட்டால் சாலினாய்டைப் பாருங்கள். லூக்காஸ் சாலினாய்டுகள் பலவற்றில் ரப்பர் மூடிக்குள் கையால் அழுத்தும் பொத்தான் இருக்கும். நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு அதை அழுத்துங்கள். சுற்றினால் சாவிப் பக்கத்து ஒயர் அல்லது ஸ்விட்ச். சுற்றாவிட்டால் சாலினாய்டின் உள் தகடு அல்லது செல்ஃப்.

இன்னொன்று: அம்பாசடர் போன்ற வண்டிகளில் செல்ஃபின் பல்சக்கரம் ஃப்ளைவீலில் கடித்துக்கொண்டு நிற்கும். மோட்டாரின் பின்புறம் மூடியைக் கழற்றினால் தண்டின் நுனி சதுரமாகத் தெரியும்; ஸ்பேனரால் திருப்பினால் விடுபடும். அல்லது சாவியை அணைத்துவிட்டு, மூன்றாவது கியரில் வண்டியை முன்னும் பின்னும் அசைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் கடித்தால் தண்டின் மரையில் உப்பும் கிளட்ச் தூசியும் சேர்ந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். கிரீஸ் வைக்காதீர்கள், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றால், அதைச் சார்ஜ் செய்யும் டைனமோவைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி: அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி, டி, எஃப் இரண்டு டெர்மினலையும் ஒன்றாக இணைத்து, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டினால் வோல்டும் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஏறினால் டைனமோ நல்லது, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட் பெட்டியைப் பாருங்கள். ஏறாவிட்டால் கார்பனையும் அது உரசும் கம்யூட்டேட்டரையும் பாருங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை: தீப்பொறி

முதலில் துடையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும், காயிலின் தலை, ஹை-டென்ஷன் ஒயர்கள் (தீப்பொறியைக் கொண்டுபோகும் தடித்த ஒயர்கள்), பிளக் பீங்கான் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் காயவையுங்கள். பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய் போகும், உப்பு போகாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். பத்து நிமிட வேலை. காலைக் கோளாறுகளில் பல இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், காயிலில் இருந்து மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த ஒயரை மூடிப் பக்கம் உருவி, அதன் முனையை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து எஞ்சின் பிளாக்கில் இருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். நீலமாக, "டப் டப்" என்று சத்தத்தோடு குதித்தால் காயில், கண்டன்சர், பாயின்ட் மூன்றும் வேலை செய்கின்றன. கோளாறு மூடி, ரோட்டர், ஒயர், பிளக் பக்கம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ கோளாறு முன்பக்கம், அதாவது பேட்டரி வோல்ட் ஓடும் லோ-டென்ஷன் பாதையில்.

*லோ-டென்ஷன் பாதை.* சாவியைப் போட்டு, பாயின்ட் மூடியிருக்கும் நிலையில், காயிலின் சாவிப் பக்க டெர்மினலில் (எஸ்.டபிள்யூ. அல்லது + என்று இருக்கும்) எத்தனை வோல்ட் என்று பாருங்கள். பேட்டரி வோல்டுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். 10 அல்லது 9 காட்டினால் சாவி ஸ்விட்சிலோ இடையில் உள்ள இணைப்பிலோ உப்பு தின்றிருக்கிறது. பேட்டரி பாசிட்டிவில் இருந்து கிளிப் ஒயரால் நேராகக் காயிலுக்குக் கொடுத்து எஞ்சின் எடுக்கிறதா பாருங்கள். எடுத்தால் காயில் மேல் பழி இல்லை. அந்த ஒயர் இருக்கும்வரை சாவியால் எஞ்சின் அணையாது, சோதனை முடிந்ததும் உருவிவிடுங்கள். பாலாஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு வரும் வோல்டைக் குறைக்கும் தடை) உள்ள வண்டிகளில் மட்டும் காயிலுக்கு வரும் வோல்ட் குறைவாக இருப்பதுதான் சரி.

இனி டெஸ்ட் லாம்ப். ஒரு முனையைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க டெர்மினலிலும் (சி.பி. அல்லது –), மறுமுனையை எர்த்திலும் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள்.

விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்தால் பாயின்ட் திறந்து மூடுகிறது. அந்தப் பாதை சரி.

அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயின்ட் மூடினாலும் மின்சாரம் எர்த் ஆகவில்லை. பாயின்ட் முகத்தில் உப்புப் பூச்சு, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தளத்தட்டை எர்த் செய்யும் சிறிய பின்னல் ஒயர் அறுந்திருக்கிறது. பொறியின் நேரத்தை மாற்றும் வேக்யூம் அட்வான்ஸ் தட்டை அசைக்க அசைக்க அந்த ஒயர் உறைக்குள்ளேயே அறுந்து, பார்வைக்கு முழுசாகத் தெரியும். இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல நீண்டால் உள்ளே செம்பு இல்லை.

எரியவே இல்லை என்றால் இரண்டு வழி. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் காயிலில் இருந்து கழற்றுங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ எர்த் ஆகிறது: பாயின்ட்டின் ஃபைபர் வாஷர் தப்பான வரிசையில் போட்டிருக்கலாம், கண்டன்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம், பாயின்ட் திறக்காமலே இருக்கலாம். இப்போதும் எரியாவிட்டால் காயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது.

காயிலை மீட்டரால் உறுதிசெய்யலாம். இரண்டு சிறு டெர்மினல்களுக்கு இடையே, சாதாரண 12 வோல்ட் காயிலில் சுமார் 3 முதல் 4 ஓம். பாலாஸ்ட் வகையில் 1.5 ஓம் அளவில். பாலாஸ்ட் காயிலை பாலாஸ்ட் இல்லாத வண்டியில் மாட்டினால் தீப்பொறி அருமையாக வரும், சில வாரத்தில் பாயின்ட் கருகும், காயில் சூடேறிப் போகும். புதுக் காயில் வாங்கும்போது கடையிலேயே ஓம் அளந்து வாங்குங்கள்.

*பாயின்ட்.* நாள்பட நின்ற வண்டியில் பாயின்ட் முகம் சாம்பல் பூத்திருக்கும். பாயின்ட் அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு போதும். உப்புத்தாள் போட்டால் மணல் துகள் முகத்தில் பதிந்து நிற்கும். பிறகு கெட்டி அட்டை ஒன்றை நடுவில் வைத்து இழுத்து எடுங்கள், தூசி வந்துவிடும். இடைவெளி, பாயின்ட்டைத் திறக்கும் ரப்பிங் பிளாக், தண்டோடு சுற்றும் கேமின் உச்சியில் நிற்கும்போது, லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35 முதல் 0.40 மி.மீ.). பத்மினிக்குச் சற்றுக் கூடுதல், 0.42 முதல் 0.48 மி.மீ. கேமில் கிரீஸ் நெல்மணி அளவுக்கு மேல் வேண்டாம்.

கண்டன்சர் 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட் காட்ட வேண்டும். இறக்கும் கண்டன்சர் பாயின்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகும்: செல்ஃப் அடிக்கும்போது பாயின்ட்டுக்கு நடுவில் பெரிய நீலப் பொறி, முகத்தில் கருகல். அந்த அறிகுறி இல்லாமல் கண்டன்சரை மாற்றாதீர்கள்.

*மூடியும் ரோட்டரும்.* மூடியின் உட்புறம் பென்சிலால் கீறியது போல மெல்லிய கரிக்கோடு ஓடினால் தீப்பொறி அந்த வழியே கசிகிறது. கோடு விழுந்த மூடியைச் சுரண்டி ஓட்டுவது ஒரு பயணத்துக்குத்தான், மாற்றியாக வேண்டும். நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

ரோட்டர் பார்வைக்குப் புதுசாகவே இருந்து உள்ளுக்குள் கசியும். சோதிக்க, அதைத் தண்டில் இருந்தபடியே வைத்து, காயிலின் தடித்த ஒயர் முனையை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே பிடித்து, சாவியைப் போட்டுப் பாயின்ட்டை ஒரு மரக்குச்சியால் தள்ளித் திறந்து மூடுங்கள். ஒயரில் இருந்து ரோட்டருக்குப் பொறி தொடர்ந்து பாய்ந்தால் அது ரோட்டரைத் துளைத்துத் தண்டுக்குப் போகிறது என்று பொருள். நல்ல ரோட்டரில் அப்படிப் பாயாது.

செம்புக் கம்பி உள்ள பழைய ஹை-டென்ஷன் ஒயர்களில் முனை வழியாக உப்பு ஊறி உள்ளே வெகுதூரம் பச்சையாகிவிடும். நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் பாருங்கள். உள்ளே செம்பு சிவந்து இருந்தால் திரும்ப மாட்டலாம், பச்சை தொடர்ந்தால் புது ஒயர்.

பிளக் இடைவெளி அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் 0.025 அங்குலம் (0.64 மி.மீ.), பத்மினிக்கு 0.5 முதல் 0.6 மி.மீ. கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. வேறு எந்தக் கருவியும் இல்லாத நேரத்தில் இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும்.

இந்த மூன்று வண்டிகளுக்கும் சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2. அம்பாசடரில் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ஒயர்களைக் கழற்றும்முன் துணி நாடா கட்டி எண் போடுங்கள். பொறியும் பெட்ரோலும் இருந்தும், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வழியே வெடிச்சத்தம் வந்தால், யாரோ ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் தளர்ந்து டைமிங் (பொறி விழும் நேரம்) நகர்ந்திருக்கிறது.

பெட்ரோல்

இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர், பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். எடுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. வாடைக் காற்றடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் அரை டேங்க் வண்டிக்கு இது நடக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். பீச்சிப் பீச்சி வர வேண்டும். ஒழுகலாக வந்தால், அல்லது குமிழியோடு வந்தால், பம்புக்கும் டேங்குக்கும் இடையில் எங்கோ காற்று இழுக்கிறது: வெடித்த ரப்பர் குழாய் அல்லது பம்ப் மேல்மூடியின் கேஸ்கெட். வராமலே இருந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி முயலுங்கள். உடனே வந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பம்பின் பக்கத்தில் கையால் அடிக்கும் லீவர் இருந்தால் அதையும் பயன்படுத்திப் பாருங்கள். கையால் அடித்தால் வந்து, எஞ்சின் சுற்றும்போது வராவிட்டால் பம்பின் கை தேய்ந்துவிட்டது.

பாட்டிலை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனிப் படலமாகத் தெரிந்தால் டேங்கை முழுதாக இறக்க வேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது. செம்பழுப்புத் தூள் இருந்தால் டேங்க் துரு. ரப்பர் குழாய் மாற்றும்போது எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

பாட்டிலில் நன்றாக வந்தும் எஞ்சின் பற்றி அணைகிறதா? கார்புரேட்டர் தொட்டியைத் திறங்கள். துத்தநாக வார்ப்பில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதுதான் பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைப்பது. ஜெட்டுக்குள் கம்பி விடக் கூடாது, பித்தளைத் துளை பெரிதாகிவிடும். நம் கரையில் இதற்குக் கைக்கெட்டும் கருவி உண்டு: மீன்வலைத் தங்கூசி. துளைக்குள் தளர்ந்து போகும் மெல்லிய துண்டு ஒன்றை விட்டு எடுத்து, காற்று ஊதினால் போதும். நைலான் பித்தளையைக் கீறாது.

எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், "டக்" என்று கீழே விழ வேண்டும். ஒட்டினால் கழற்றித் துடையுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள சோலெக்ஸ் என்றால் ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் ஓடாதபோது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லி உள்ளே பாருங்கள், ஒரு சன்னத் தாரை பீச்ச வேண்டும்.

சோக் பற்றி ஒரு சொல். இந்த வெப்பத்தில் மார்கழி விடியல் தவிர முழுச் சோக் தேவைப்படாது. எடுக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சோக் இழுத்துப் பிளக்கை நனைப்பதே இரண்டாவது கோளாறு ஆகிவிடுகிறது. அப்படி நனைந்தால் சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு (பம்ப் செய்யாமல்) பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள்.

சூடானால் மட்டும் எடுக்காத வண்டி

சித்திரை வெயிலில் தனுஷ்கோடி சாலையில் போய்வந்து பத்து நிமிடம் நிறுத்தினால் எடுக்காது. ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும். இதில் காரணம் பெட்ரோலா தீப்பொறியா என்று சூடு இருக்கும்போதே கண்டுபிடிக்க வேண்டும், ஆறவிட்டால் சாட்சி போய்விடும். உடனே 6 மி.மீ. பொறிச் சோதனை செய்யுங்கள். பொறி மெலிந்திருந்தால் காயிலின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். திரும்ப நீலமாக வந்தால் காயில் சூட்டில் அறுகிறது. வராவிட்டால் கண்டன்சர்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது, அல்லது தொட்டியில் கொதித்து எஞ்சினுக்குள் வழிகிறது. ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டதும் எடுத்தால் முன்னது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்ததும் எடுத்தால் பின்னது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருந்து விலகி ஓடும்படி வளைத்துக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் வர வேண்டிய தடித்த இன்சுலேட்டர் துண்டை யாராவது எடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.

எல்லாம் சரி, இன்னும் எடுக்கவில்லை

நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஐந்தாறு சுற்று அடியுங்கள். மொத்த எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருப்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

வால்வு என்றால் முதலில் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு 0.015 அங்குலம். 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்ட பிறகு, இந்த எஞ்சின்களின் மிருதுவான எக்ஸாஸ்ட் வால்வு சீட் மெல்ல உள்வாங்கும். இடைவெளி தானாகக் குறைந்து கடைசியில் வால்வு முழுதாக மூடாது. இடைவெளியைச் சரிசெய்த சில நூறு கிலோமீட்டரிலேயே திரும்பக் குறைந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடின சீட் போடும் நேரம் வந்துவிட்டது.

வருடக்கணக்கில் நின்ற வண்டி

இதற்குச் செல்ஃபே அடிக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து விட்டு, இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றுங்கள்; கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும், எஞ்சின் திருப்பி அடித்தால் எலும்பு தப்பும். அசையாவிட்டால் பலம் காட்டாதீர்கள், இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டு இன்னும் இரண்டு நாள். சுற்றத் தொடங்கியதும் பழைய ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் காட்டிய பிறகு பிளக்கை மாட்டுங்கள். பழைய பெட்ரோல் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. தனி பாட்டிலில் இருந்து புதுப் பெட்ரோல் கொடுத்து எடுங்கள்.

எடுத்துவிட்ட வண்டியை வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயிலிலும் சைலன்ஸரிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும், பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறாது. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம். உப்பையும் ஈரத்தையும் ஒன்றாக உள்ளே அடைக்கும். பருத்தி உறை போதும். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும் ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கமும், வாடைக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கமும் இருக்கும் வீடுகளில், கடலுக்கு முதுகு காட்டி, கிரில் சுவர்ப் பக்கம் பார்க்க நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைப்பதையும் எர்த் பட்டைக்கு வாசலின் பூசுவதையும் அந்த இரண்டு பருவத்திலும் மாதம் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள்.